கொழுப்பு மாத்திரை போடலாமா, ஹெச்ஐவிக்கு சாப்பிடற ஏஆர்டி மாத்திரைய மாத்தலாமா, நடந்தா மட்டும் போதுமா: மாரடைப்பும் பக்கவாதமும் வராம இருக்க எங்க வீட்ல ரெண்டு பேருக்கும் பார்த்து முடிவெடுத்தது

போன வருஷம் ஆவணி மாசம், காய் எடுப்பு மும்முரமா நடக்குற நேரம், கேரள மலைல அணக்கரைப் பக்கம் ஏலக்கா உலர்த்துற ஒரு ஸ்டோர்ல காலைல பத்து மணிக்கு கட்டஞ்சாயா, அதாவது பால் ஊத்தாத டீ குடிச்சிட்டு இருந்த ஒரு அண்ணன் கையில இருந்து கிளாஸ் நழுவி விழுந்துச்சு. குனிஞ்சு எடுத்தாரு, மறுபடியும் நழுவுச்சு. வலது கைல விரல் மடங்கவே இல்ல, பக்கத்துல இருந்த நான் என்னண்ணே ஆச்சுன்னு கேட்டா வாயில என்னமோ வருது, பேச்சா வரல. ராத்திரி பூரா ஸ்டோர்ல கண்ணு முழிச்சு அடுப்பு பார்த்த மனுசன், அதனால தூக்கமில்லாத அசதின்னு ஒருத்தர், லோ பிரஷருன்னு இன்னொருத்தர், உப்பு போட்டு எலுமிச்சம்பழம் கரைச்சுக் குடுத்து சாக்கு மேல படுக்க வச்சாங்க, நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தியா நின்னுக்கிட்டு இருந்தேன். சாயங்காலம் ட்ரிப் ஜீப்புலதான் கீழ இறக்குனாங்க. கீழ வந்தும் வாதம்னு சொல்லி எண்ணெய் போட ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போய், மறுநாள்தான் பெரிய ஆஸ்பத்திரி, ஸ்கேன் எடுத்துப் பார்த்தா மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல ரத்தக்கட்டி அடைச்சிருக்கு. கட்டி கரைக்கிற ஊசி ஒன்னு இருக்காம், ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாத்தான் பிரயோஜனமாம்.

அவரு எங்க ஏஆர்டி சென்டர் ஆளு. வயசு 48தான். 12 வருஷமா மாத்திரை ஒருநாள் விட்டதில்ல, வைரல் லோடு டெஸ்டுல கிருமி தென்படவே இல்ல, வரிசைல நிக்கிறப்ப புதுசா வர்றவங்களுக்குத் தைரியம் சொல்ற ஆளே அவருதான். அப்புறமா அவரோட ஏஆர்டி புக்க அவங்க வீட்ல காட்டுனாங்க, அதுல ரெண்டு வாட்டி பிரஷர் 160க்கு மேல எழுதியிருக்கு, பக்கத்துல வேற ஒன்னும் இல்ல. எண்ணோட சரி. யாரும் மாத்திரை ஆரம்பிக்கல, அவரும் கேட்கல.

அந்தப் பக்கத்த பார்த்ததுல இருந்துதான் நாங்க ரெண்டு பேரும், நானும் எங்க வீட்டுக்காரரும், இந்த விஷயத்த தேடித் தேடிக் கேட்க ஆரம்பிச்சோம். ரெண்டு பேருக்கும் ஹெச்ஐவி இருக்கு. கம்பம் கூடலூர் லோயர் கேம்ப்னு இந்தப் பக்கத்துல எங்கள மாதிரி வயசாகிட்டு வர்ற பாசிட்டிவ் ஆளுங்க எத்தனையோ பேர் மலைக்கு வேலைக்குப் போய் வந்துக்கிட்டு இருக்காங்க, அவங்களுக்கும் ஆகட்டும்னுதான் எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, டாக்டர்கிட்ட என்ன கேட்கணும்னு தெரிஞ்சுக்கிட்ட ஆளு.

முதல்ல எங்களுக்கு மட்டும் ஏன் இந்த ரிஸ்க் கூடுதல்னு சொல்லிடறேன். மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டு கிருமிய அடக்கி வச்சாலும் உடம்புக்குள்ள ஒரு கனல் அணையாமலே இருக்கு, எதிர்ப்பு சக்தி எப்பவும் முழிச்சுக்கிட்டே இருக்கிறதால ரத்தக்குழாய் உள்பக்கம் புண்ணாகி கொழுப்பு படிய ஆரம்பிக்குது. ஹெச்ஐவி இல்லாத அதே வயசு ஆளோட ஒப்பிட்டா மாரடைப்பும் பக்கவாதமும் வர்ற வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்குல இருந்து ரெண்டு மடங்கு வரைக்கும் இருக்குன்னு உலகம் பூரா செஞ்ச ஆராய்ச்சிகள் சொல்லுது. சிடி4ங்கிற எதிர்ப்பு அணு எண்ணிக்கை முன்னாடி ரொம்பக் கீழ போனவங்களுக்கும், வைரல் லோடு அடங்காதவங்களுக்கும் இன்னும் கூட. பக்கவாதத்துல இன்னொரு வகையும் இருக்கு, டிபி மூளைக்காய்ச்சல், சிபிலிஸ் மாதிரி தொற்று மூளை ரத்தக்குழாயக் கெடுத்து வர்றது, அது பெரும்பாலும் மருந்து ஆரம்பிக்காதவங்க, விட்டவங்க, சிடி4 குறைஞ்சவங்க பக்கம். நான் இங்க பேசுறது முதல் வகை, பல வருஷமா நல்லா மாத்திரை சாப்பிடறவங்களுக்கு வர்றது.

இப்ப எங்க கணக்கு. எனக்கு வயசு 46. 2008ல ஆரம்பிச்சப்ப ஸ்டாவுடின் இருந்த மாத்திரை, கன்னம் ரெண்டும் உள்ள போயி தெருவுல நடக்கவே கூசுன காலம் அது. அப்புறம் ஜிடோவுடின், அப்புறம் எஃபாவிரென்ஸ், இப்போ தினமும் ஒன்னு டிஎல்டி, அதாவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூணும் ஒரே மாத்திரையா. டிஎல்டிக்கு மாறுனதுல இருந்து 51 கிலோ 59 ஆயிருச்சு. பிரஷர் 152/96, கெட்ட கொழுப்பு 128, சுகர் எல்லைக்கோட்டுல. பீடி சிகரெட் கிடையாது. எங்க வீட்டுக்காரருக்கு 52, ஜீப் ஓட்டறாரு, ஒருநாளைக்கு ஒரு கட்டு பீடி, பிரஷர் 148/92, கெட்ட கொழுப்பு 142, ட்ரைகிளிசரைடு 310. அவரு செகண்ட் லைன், அதாவது முதல் மருந்து கேட்காமப் போனா குடுக்கிறது, அடாசனாவிர் கூட ரிட்டோனாவிர் சேர்ந்தது. இந்த ரிட்டோனாவிர்ங்கிற பேர ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

டாக்டர் கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டுப் பார்த்தாரு, அடுத்த 10 வருஷத்துல அட்டாக் வர்ற வாய்ப்பு எனக்கு நூத்துக்கு அஞ்சுக்கும் கீழ, அவருக்கு பத்துக்கு மேல. ஆனா அந்தக் கணக்கு ஹெச்ஐவி இல்லாத ஜனங்கள வச்சுப் போட்டதும்மா, உங்களுக்குக் கொஞ்சம் குறைச்சுத்தான் காட்டும்னும் சொன்னாரு. அதனால ஒரே வீட்ல இருந்தாலும் ரெண்டு பேருக்கும் ஒரே பதில் வராதுன்னு அன்னைக்கே புரிஞ்சு போச்சு.

எங்க முன்னாடி இருந்த வழிகள்ல முதல்ல எல்லாரும் சொல்றது, மாத்திரை மேல மாத்திரை எதுக்கு, சாப்பாட்ட அடக்கி நடந்தா போதும்ங்கிறது. எனக்கும் அதுதான் பிடிச்சுச்சு, ஏற்கனவே ஆயுசு பூரா ஒரு மாத்திரை, இதுல இன்னொன்னான்னு. ஆனா யோசிச்சுப் பாருங்க, மலைக்காட்டுல காய் எடுக்கிற நான் நடக்காத நடையா? கூடைய இடுப்புல கட்டிக்கிட்டு ஏத்தமும் இறக்கமுமா எட்டு மணி நேரம், அப்பிடி இருந்தும் பிரஷர் 152. நடை குறைச்சல்னு என்னைய யாரும் சொல்ல முடியாது, எங்க வீட்ல உப்புதான் கூடுதல். காலைல தூக்குவாளில பழைய சோறு, ஊறுகா, மோர் மொளகா, மழைக்காலம் பூரா கருவாடு, சாயங்காலம் குமுளிப் பக்கம் இறங்குனா பொரோட்டாவும் சால்னாவும். ஒரு ஆளுக்கு ஒருநாளைக்கு 5 கிராம் உப்பு, ஒரு சின்ன டீஸ்பூன், அதுக்கு மேல வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, எங்க ஊறுகாயே அதுல பாதிய தின்னுரும். உப்பக் குறைச்சா பிரஷர் இறங்கும், அது நிஜம். ஆனா 150க்கு மேல நிக்கிற பிரஷர உப்பு மட்டும் குறைச்சு முழுசா இறக்கிடலாம்னு காத்துக்கிட்டே இருந்தா அந்த அண்ணனோட புக்கு மாதிரிதான் நம்ம புக்கும் இருக்கும். சாப்பாட்ட கட்டாயம் மாத்தணும், மாத்திக்கிட்டோம், ஆனா மாத்திரைக்கு பதிலா அத வைக்க முடியாது.

பிரஷர் மாத்திரை பத்தி ஒப்பிட ஒன்னுமே இல்ல, ரெண்டு பேருக்கும் வேணும். பக்கவாதத்துக்கு எதெல்லாம் காரணம்னு பார்த்தா பிரஷர்தான் முதல் ஆளு. எனக்கு அம்லோடிபின் 5 மில்லி, மூணு மாசத்துல 128/82 வந்துச்சு. அவருக்கு அதே அம்லோடிபின்தான், ஆனா ரிட்டோனாவிர் கூட சேர்ந்தா அம்லோடிபின் ரத்தத்துல கூடுதலா தங்கும்ங்கிறதால பாதி டோஸ்ல ஆரம்பிச்சு கால் வீங்குதா, தலை சுத்துதான்னு பார்த்துப் பார்த்து ஏத்துனாங்க. மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்ச 2021ல இருந்து எங்க ஊர்ப்பக்கம் பிரஷர் சுகர் மாத்திரை வீட்டுக்கே வருது, அதனால செலவுன்னு சொல்லித் தட்டிக் கழிக்கவும் வழியில்ல.

அடுத்தது பீடி. இது எனக்கு இல்ல, அவருக்கு. டென்மார்க்ல ஏஆர்டி சாப்பிடறவங்கள வச்சு 2013ல வெளியிட்ட ஒரு ஆராய்ச்சி இருக்கு, புகை பிடிக்கிறதால போற ஆயுசு சுமார் 12 வருஷம், ஹெச்ஐவியால போறது சுமார் 5 வருஷம். இத நான் அவருகிட்ட வாசிச்சுக் காட்டுனப்ப ஜீப்ப ஓரங்கட்டி நிப்பாட்டிட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல. இருவது வருஷமா ஹெச்ஐவிதான் நம்மள கொண்டுபோகும்னு பயந்துக்கிட்டு இருந்தோம், அதுக்கு மேல எடுக்கிறது மடியில இருந்திருக்கே தாயின்னாரு. கொழுப்பு மாத்திரை எதுவும், எந்த விலைல வாங்குனாலும், ஒரு கட்டு பீடிய நிறுத்துறதுக்கு ஈடாகாது, இது என்னோட உறுதியான கருத்து. உடனே விட்டுடல, மெட்டு ஏறுறப்ப குளிருக்கு கை தானா மடிக்குப் போகுது. ஆஸ்பத்திரில நிக்கோடின் சூயிங்கம் எழுதிக் குடுத்தாங்க, இப்ப நாளைக்கு மூணு பீடில நிக்குது.

மூணாவது வழி ஏஆர்டிய மாத்துறது. இதுல ரொம்ப கவனமா பேசணும். என்னோட கூட வேலை பாக்குற ஒரு பொண்ணு, மாத்திரையாலதான் கொழுப்பு ஏறுதுன்னு யாரோ சொன்னத நம்பி ரெண்டு மாசம் நிறுத்திட்டு வந்து நிக்குது. 2006ல ஸ்மார்ட்னு ஒரு பெரிய ஆராய்ச்சி, 5,472 பேரு, அதுல பாதிப்பேர விடாம சாப்பிடச் சொல்லி மீதிப்பேர சிடி4 பார்த்து விட்டு விட்டுச் சாப்பிடச் சொன்னாங்க. விட்டு விட்டு சாப்பிட்டவங்களுக்குத்தான் சாவும் கூட, இருதய நோயும் கூட. அந்த அளவுக்கு வித்தியாசம் தெரிஞ்சதால பாதிலயே அந்த முறைய கைவிட்டாங்க. அதனால இருதயத்துக்காக ஏஆர்டிய நிறுத்துறதுங்கிற வழியே கிடையாது, கிருமி கட்டவிழ்ந்தா அந்தக் கனல் இன்னும் எரியும், இருதயம்தான் முதல்ல அடி வாங்கும்.

நிறுத்தாம வேற மாத்திரைக்கு மாறுறது வேற விஷயம். அபாகாவிர்னு ஒரு மருந்து, அதுக்கும் மாரடைப்புக்கும் தொடர்பு இருக்குன்னு 2008ல இருந்தே பேச்சு, அதனால ஏற்கனவே ரிஸ்க் இருக்கிறவங்களுக்கு அத தவிர்க்கப் பாக்குறாங்க. நம்ம நாட்டுல கிட்னி சரியில்லாம டெனோஃபோவிர் ஒத்துக்காதவங்களுக்குக் குடுப்பாங்க, அப்பிடி சாப்பிடறவங்க பயந்து நிறுத்தாம டாக்டர்கிட்ட எனக்கு இது வேணுமா வேற இருக்கான்னு கேளுங்க. ரிட்டோனாவிர் சேர்ந்த மாத்திரைல இருந்து டோலுடெக்ராவிருக்கு மாறுனா கொழுப்பு அளவு இறங்குதுன்னும் 50 வயசு தாண்டுனவங்கள வச்சு ஐரோப்பால செஞ்ச ஆராய்ச்சி இருக்கு. கொழுப்பு இறங்குச்சு, ஆனா அதனால அட்டாக் குறைஞ்சுச்சான்னு அந்த ஆராய்ச்சி பாக்கல, அந்த வித்தியாசத்தையும் மனசுல வச்சுக்கணும். டோலுடெக்ராவிர்ல எடை வேற கூடும், என்னையே பாருங்க. எங்க வீட்டுக்காரருக்கு இதுக்கு முன்னாடி எந்தெந்த மருந்து வேலை செய்யாமப் போச்சுங்கிற சரித்திரம் இருக்கு, அதப் பார்க்காம மாத்துனா கிருமி தப்பிச்சிரும், அதனால ஏஆர்டி டாக்டர் பழைய ரிப்போர்ட் எல்லாம் சேர்த்து மேல நிபுணர் குழுவுக்கு எழுதியிருக்காரு. பதில் வர்ற வரைக்கும் இருக்கிற மாத்திரைய ஒழுங்கா சாப்பிடறாரு. எனக்கு மாத்த வேண்டிய அவசியமே இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு, எடைய மட்டும் பாருங்கன்னாரு.

இப்ப நிறைய பேர் குழம்புற இடம், கொழுப்பு மாத்திரை, ஸ்டேட்டின். எனக்கு கெட்ட கொழுப்பு 128 ஒன்னும் பயங்கரமான நம்பர் இல்ல, ஊர்ல யாருகிட்ட காட்டுனாலும் இதுக்கெல்லாம் மாத்திரையா, வேண்டாம்னுதான் சொல்லுவாங்க, சொன்னாங்க. 2023ல ரிப்ரீவ்னு ஒரு ஆராய்ச்சி முடிவு வந்து அந்தப் பேச்ச மாத்திருச்சு. 40ல இருந்து 75 வயசு வரைக்கும் உள்ள, ஏஆர்டி சாப்பிடற, ரிஸ்க் கம்மி இல்லன்னா நடுத்தரம்னு சொல்லப்பட்ட 7,769 பேரு, 12 நாடு, அதுல நம்ம இந்தியாவும் ஒன்னு. கொழுப்பு பெருசா ஏறாத ஆளுங்கதான். பாதிப்பேருக்கு பிடாவாஸ்டேட்டின் 4 மில்லி தினமும், பாதிப்பேருக்கு மருந்தே இல்லாத சும்மா மாத்திரை. சுமார் அஞ்சு வருஷம் பார்த்ததுல மாரடைப்பு, பக்கவாதம் மாதிரி பெரிய சம்பவம் 35 சதவீதம் குறைஞ்சுச்சு, பலன் தெளிவாத் தெரிஞ்சதால முன்கூட்டியே நிறுத்திட்டாங்க.

35 சதவீதம்னதும் பாதிக்குப் பாதி தப்பிச்சிரலாம்னு துள்ளக்கூடாது, நானும் முதல்ல துள்ளுனேன். டாக்டர் வேற மாதிரி சொன்னாரு. 1000 பேர் ஒரு வருஷம் சும்மா மாத்திரை சாப்பிட்டா 7 பேருக்குக் கொஞ்சம் மேல இந்த மாதிரி ஆகுது, ஸ்டேட்டின் சாப்பிட்டா 5 பேருக்குக் கீழ. அப்பிடிப் பார்த்தா வித்தியாசம் ரெண்டு ரெண்டரை பேருதான். ரிஸ்க் கூட இருக்கிறவங்களுக்கு லாபமும் கூட, என்னைய மாதிரி அஞ்சு சதவீதத்துக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு லாபம் கம்மி, ஆனா இல்லாம இல்ல. அமெரிக்க வழிகாட்டுதல்லயும் அப்பிடித்தான் எழுதியிருக்கு, 40க்கு மேல 5 சதவீதம் தாண்டுனவங்களுக்கு போடுங்கன்னு உறுதியா, அதுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு போடுறது நல்லதுன்னு கொஞ்சம் இழுத்து.

அதனால எங்க வீட்டுக்காரருக்கு ஸ்டேட்டின் போடலாமா வேண்டாமாங்கிற கேள்வியே இல்ல, எந்த ஸ்டேட்டின்ங்கிறதுதான். எனக்குத்தான் போடறதா வேண்டாமாங்கிற கேள்வியே. நான் ரெண்டு மாசம் யோசிச்சேன். பக்கவிளைவு பார்த்தா அந்த ஆராய்ச்சில தசை வலின்னு சொன்னவங்க ஸ்டேட்டின் சாப்பிட்டவங்கள்ல நூத்துக்கு 2.4 பேரு, சும்மா மாத்திரைல 1.4. புதுசா சுகர் வந்தவங்க 5.3, சும்மா மாத்திரைல 4. எனக்கு சுகர் எல்லைக்கோட்டுல நிக்கிறதால அந்த ரெண்டாவது நம்பர்தான் கொஞ்சம் இடிச்சுச்சு. ஆனா சுகர் வந்தா மூணு மாசத்துக்கு ஒருக்கா டெஸ்டுல தெரிஞ்சிரும், மாத்திரை இருக்கு. பக்கவாதம் வந்தா அந்த அண்ணன் மாதிரி இடது கையால ஏஆர்டி டப்பாவத் திறக்கப் பழகணும், மூடிய பல்லால கடிச்சுத் திருகறாரு, நான் நேர்ல பார்த்தேன். எடுத்து வச்சுப் பார்த்தா போட்டுக்கிறேன்னு சொல்லிட்டேன். இது என் முடிவு, உங்க நம்பர் எனக்கும் கீழ இருந்து பிரஷரும் சரியா இருந்தா டாக்டர் பொறுத்துப் பார்ப்போம்னு சொன்னாலும் அதுல தப்பில்ல. கர்ப்பமா இருக்கிறவங்க, குழந்தைக்குத் திட்டம் போடறவங்க ஸ்டேட்டின் பேச்ச எடுக்கிறதுக்கு முன்னாடியே அத டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

எந்த ஸ்டேட்டின்? ஆராய்ச்சி நடந்தது பிடாவாஸ்டேட்டின்ல. அதோட நல்ல குணம், ஏஆர்டி மருந்துங்க எதோடயும் பெருசா சண்டை போடாது, ரிட்டோனாவிர் சாப்பிடறவங்களும் டோஸ் குறைக்காம எடுக்கலாம். சிக்கல் என்னன்னா கிடைக்கிறதுதான். கம்பத்துல ரெண்டு மெடிக்கல்ல கேட்டேன், ஆர்டர் போட்டு வரவழைச்சுத் தர்றேன்னாங்க, மாசாமாசம் காசு. அடோர்வாஸ்டேட்டின் அரசு ஆஸ்பத்திரிலயே சும்மா கிடைக்குது. 20 மில்லி அடோர்வாஸ்டேட்டின், 10 மில்லி ரோசுவாஸ்டேட்டின் ரெண்டையும் பிடாவாஸ்டேட்டின் இடத்துல வைக்கலாம்னு அந்த வழிகாட்டுதலும் சொல்லுது. ஹெச்ஐவி உள்ளவங்கள வச்சு அவ்ளோ பெரிய ஆராய்ச்சி அதுங்களுக்கு நடக்கலங்கிறது உண்மைதான், ஆனாலும் என் கட்சி இதுதான்: எனக்கு டிஎல்டி, அதோட எந்த ஸ்டேட்டினும் மோதாது, அதனால மாசாமாசம் கைக்கு வந்து சேர்ற அடோர்வாஸ்டேட்டின் 20 போதும். ரெண்டு மாசம் காசு குடுத்து பிடாவாஸ்டேட்டின் வாங்கி, மூணாவது மாசம் பள்ளிக்கூடத்துக்கு ஃபீஸ் கட்டற நேரத்துல நிறுத்துறதவிட இது மேல். காய் எடுப்பு இல்லாத மாசத்துல எங்க கையில காசு எப்பிடி இருக்கும்னு இந்தப் பக்கத்து ஜனங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.

அவருக்கு அப்பிடி இல்ல. ரிட்டோனாவிர் இருந்தா சிம்வாஸ்டேட்டினும் லோவாஸ்டேட்டினும் போடவே கூடாது, ரத்தத்துல பல மடங்கு ஏறி தசையே கரைஞ்சு கிட்னிய அடைக்கிற அளவுக்குப் போகலாம். அடோர்வாஸ்டேட்டின்னா ரொம்பக் குறைஞ்ச டோஸ்ல ஆரம்பிச்சு கவனமா போகணும், ரோசுவாஸ்டேட்டின்னா அடாசனாவிர், லோபினாவிர் சாப்பிடறவங்களுக்கு 10 மில்லிக்கு மேல தாண்டக்கூடாது. அதனால அவருக்கு மட்டும் பிடாவாஸ்டேட்டின் 4 மில்லி காசு குடுத்து வாங்குறோம், பீடிக்குப் போன காசுல பாதி அதுக்குப் போகுது. நிபுணர் குழு டோலுடெக்ராவிருக்கு மாத்துனா அவரும் அரசு மாத்திரைக்கு வந்துரலாம்.

ஆரம்பிச்சு ரெண்டாவது வாரம் எனக்கு கெண்டைக்கால் ரெண்டும் கடுகடுன்னு வலிச்சுச்சு. ஆச்சு, மாத்திரைதான்னு நினைச்சுட்டேன். நிறுத்தறதுக்கு முன்னாடி போய் கேட்டேன், ரத்தத்துல தசை என்சைம் பார்த்தாங்க, நார்மல். அந்த வாரம் சரிவான காட்டுல மூணாவது ரவுண்டு காய் எடுப்பு, ஈரத்துல கால ஊனி ஊனி நின்ன வலி அது, ஞாயித்துக்கிழமை படுத்து எந்திரிச்சதும் போயிருச்சு. மலை வேலை பாக்குறவங்களுக்கு உடம்பு வலி எப்பவும் இருக்கும், அத வச்சு மாத்திரைய விட்டுறாதீங்க, ஆனா ஒன்னுக்கு கட்டஞ்சாயா கலர்ல போனாலோ தசை தொட்டாலே வலிச்சாலோ அன்னைக்கே ஓடுங்க.

ஆஸ்பிரின் பத்தி ஒரு வார்த்தை. ரத்தம் நீர்க்கிறதுக்குன்னு தினமும் ஒன்னு தானா வாங்கிப் போடற பழக்கம் எங்க ஜீப் ஸ்டாண்டுல நாலு பேருக்கு இருக்கு. ஏற்கனவே அட்டாக், பக்கவாதம் வந்தவங்களுக்கு டாக்டர் எழுதுறது வேற. ஒன்னும் வராதவங்க தானா போட்டா வயித்துல ரத்தக்கசிவு வர்ற ஆபத்து லாபத்த சாப்பிட்டுரும். பிரஷர் 150ல வச்சுக்கிட்டு ஆஸ்பிரின் போடறது ரொம்பத் தப்பு. நாங்க போடல.

மாத்திரைங்க ஒன்னோட ஒன்னு மோதுறத பத்தி இன்னும் கொஞ்சம். டோலுடெக்ராவிர் சாப்பிடறவங்க சுண்ணாம்புச்சத்து, இரும்புச்சத்து மாத்திரை, அசிடிட்டிக்கு குடிக்கிற மருந்து எதையும் அதோட சேர்த்துப் போடாதீங்க, ஏஆர்டிய ரெண்டு மணி நேரம் முன்னாடியோ ஆறு மணி நேரம் கழிச்சோ வைக்கணும். சுகருக்கு மெட்ஃபார்மின் எழுதுனா ஒருநாளைக்கு 1000 மில்லிக்கு மேல போகாம பாக்கணும். ரத்தம் கட்டாம இருக்கக் குடுக்கிற மருந்துகள்ல, ரிட்டோனாவிர் சாப்பிடறவங்களுக்கு குளோபிடோக்ரெல் சரியா வேலை செய்யாது, டிகாக்ரெலார் கூடாது. இதெல்லாம் குமுளியிலயோ கட்டப்பனையிலயோ புதுசா பாக்குற டாக்டருக்கு நாம சொன்னாத்தான தெரியும். சொன்னா எப்பிடிப் பார்ப்பாங்களோன்னு கூச்சம், எனக்கும் இருக்கு, அந்தப் பக்கம் எஸ்டேட் ஆளுங்க எல்லாரும் தெரிஞ்சவங்க. ஆனா 2017 ஹெச்ஐவி சட்டம், 2018 செப்டம்பர்ல இருந்து அமல்ல இருக்கு, நம்ம விவரத்த நம்ம சம்மதம் இல்லாம வெளிய சொல்றதும் சிகிச்சை மறுக்கிறதும் சட்டப்படி தப்பு. நோய் பேர வாய்விட்டுச் சொல்ல நாக்கு வரலன்னா மாத்திரை டப்பாவ எடுத்து மேஜை மேல வைங்க, நான் அப்பிடித்தான் செய்யறேன், படிச்சுப் பார்த்துட்டு அவங்களே புரிஞ்சுக்குவாங்க.

கடைசியா எல்லை விஷயம், இது எங்க பக்கத்து ஆளுங்களுக்குன்னே. மேல வேலை பாக்குறப்ப திடீர்னு ஆயிட்டா எந்தப் பக்கம் ஓடறது? வாய் ஒரு பக்கம் கோணுறது, ஒரு கை தூக்க முடியாம விழறது, பேச்சு குழறுறது, திடீர்னு கண்ணு மங்குறது, நிக்க முடியாம தள்ளாடறது, இதுல ஒன்னு வந்தாலும் நேரத்தக் குறிச்சுக்கிட்டு கிளம்பிரணும். எண்ணெய், எலுமிச்சம்பழம், படுத்து எந்திரிச்சா சரியாகும்னு எதுவும் வேண்டாம். வாயில தண்ணி கூட ஊத்தாதீங்க, புரையேறிரும். ஆஸ்பிரினும் குடுக்காதீங்க, அடைப்பா ரத்தக்கசிவான்னு ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும். நெஞ்சு வலிக்கு வேற முறை, தமிழ்நாட்டுப் பக்கம் இதயம் காப்போம் திட்டத்துல ஆரம்ப சுகாதார நிலையத்துலயே முதல் டோஸ் மாத்திரை குடுத்துட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க, அத மறுக்காம வாங்கிப் போட்டுக்கிட்டு ரிட்டோனாவிர் சாப்பிடறவங்க அத மட்டும் சொல்லிருங்க.

குமுளில இருந்து கோட்டயம் 100 கிலோமீட்டருக்கு மேல, குட்டிக்கானம் இறக்கம் பூரா வளைவு. தேனிப் பக்கம்னா 60 கிலோமீட்டர் கிட்ட, லோயர் கேம்ப் இறங்கிட்டா நேர் ரோடு, ஆனா க.விலக்கு மெடிக்கல் காலேஜ் தேனியும் தாண்டி இருக்கு. வண்டன்மேடு, அணக்கரைன்னா கம்பம்மெட்டு வழியா இறங்குறதுதான் எங்களுக்குப் பழக்கம். தூரத்த மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, ஸ்கேனும் கட்டி கரைக்கிற ஊசியும் ராத்திரி பகல் எந்நேரமும் இருக்கிற ஆஸ்பத்திரி உங்க காட்டுல இருந்து எதுன்னு நல்லா இருக்கிறப்பவே போன் போட்டுக் கேட்டு வைங்க, பக்கத்துல இருக்கிற சின்ன ஆஸ்பத்திரில ரெண்டு மணி நேரம் குளுக்கோஸ் ஏத்திட்டு அப்புறம் கிளம்புனா அந்த நாலரை மணி நேரம் போயே போச்சு. 108 ரெண்டு மாநிலத்துலயும் இருக்கு, கூப்பிட்டதும் எந்த மாநிலத்துப் பக்கம், எந்த எஸ்டேட், எந்த ரோட்டு முக்குன்னு முதல்ல சொல்லிருங்க.

எங்க ஜீப்புல டிரைவர் சீட்டுக்கு மேல இருக்கிற வெயில் மறைப்புல ஒரு அட்டை சொருகி வச்சிருக்கோம், பிளாஸ்டிக் கவர் போட்டு. எங்க ரெண்டு பேரோட மாத்திரை பேரு, டோஸ், கடைசியா பார்த்த பிரஷர், ஒத்துக்காத மருந்து, விசாரிச்சு வச்ச ஆஸ்பத்திரி நம்பர். நோய் பேரு எழுதல. வண்டில வர்ற காய் எடுக்கிற பொம்பளைங்க அது என்ன மதினின்னு கேட்டாங்க, அவங்களுக்கும் ஆளுக்கொன்னு எழுதிக் குடுத்துட்டு இருக்கேன், இதுவரைக்கும் ஒம்போது பேருக்கு எழுதியாச்சு, அதுல நாலு பேருக்கு பிரஷர் எவ்வளவுன்னே தெரியல, அந்த இடத்த மட்டும் காலியா விட்டு வர்ற புதன்கிழமை பாக்கச் சொல்லியிருக்கேன்.